பாளையும் கடையும்: கிள்ளான் வட்டாரத்துக் கள்ளின் வரலாறு

1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் சிலாங்கூரில் கிள்ளான் வட்டாரத்து இரப்பர்த் தோட்டத் தமிழர் தம் முதலாளிமார் முன் சில கோரிக்கைகளை வைத்தனர். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும் என்பது அவற்றுள் தலையாயது. பிள்ளைகளுக்கு நல்ல கல்வி, நோயுற்றார்க்குத் தக்க மருத்துவம், பெண்களின் மானத்துக்குக் காப்பு, சங்கம் அமைக்க உரிமை ஆகியவை பின் வந்தன. துரைமாரைக் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் ஒன்று. இவற்றோடு ஒன்றாக, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்தது.

இக்கோரிக்கை ஆராயத்தக்கது. கள்ளுக்கடைக்குச் சென்றவர் இத்தொழிலாளரே. கடை மூடப்பட்டால் மாலை வேளையில் அவருக்கிருந்த ஒரே பொழுதுபோக்கும் போய்விடும். அவ்வாறிருந்தும் குடித்தவரே கடையை மூடச் சொன்னது ஏன்? கூலியையும் பள்ளிக்கூடத்தையும் கேட்ட அதே பட்டியலில் இதனையும் சேர்த்தது ஏன்? இவ்வினாக்களுக்கு விடை காண, கள் என்னும் பொருளின் இயல்பையும், அது மலாயாத் தோட்டங்களில் விற்கப்பட்ட முறையையும் ஒருசேர நோக்க வேண்டும்.

பழந்தமிழரும் மதுவும்

தமிழர்க்கு மது புதிதன்று. கள், நறவு, தேறல், மட்டு, அரியல், பிழி, தோப்பி எனச் சங்க நூல்களில் அதற்குப் பல பெயர்கள் உண்டு. தெளிந்தது தேறல் எனப்பட்டது. நெல்லினின்று வீட்டில் சமைத்தது தோப்பி எனப்பட்டது. கடல் கடந்து வந்த மதுவும் இருந்தது. யவனர் நல்ல கலங்களில் கொணர்ந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் பருகுவதை நக்கீரர் புறநானூற்றில் பாடியுள்ளார். 1945இல் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், மது கொண்டுவரப் பயன்பட்ட உரோமானிய இருபிடிச் சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. புலவர் வாக்குக்கு மண் சான்று கூறியது.

அதியமான் மறைந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைச் செய்யுளும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. தனக்குக் கிடைத்த கள்ளைப் பாணரோடும் புலவரோடும் அவன் பகிர்ந்துண்ட பான்மை அங்கே அவனுடைய சிறப்புகளுள் முதலாவதாக எண்ணப்படுகிறது. அக்கால வாழ்வில் கள் பெரும்பாலும் கொடுத்து உண்ணும் பொருளாகக் காட்டப்படுகிறது.

பின்வந்த திருவள்ளுவர் கள்ளை அறவே விலக்கினார். ஆயினும் அவர் கள்ளுண்ணாமை அதிகாரத்தை வைத்த இடம் கருதத்தக்கது. புலால் மறுத்தலை அறத்துப்பாலில் வைத்தவர், கள்ளுண்ணாமையை 93ஆம் அதிகாரமாகப் பொருட்பாலில், சூதுக்கு முன்னதாக வைத்தார். குடி என்பது தனி மனிதனின் ஒழுக்கக் குறையாக மட்டும் நில்லாமல், பொருளையும் சமூகத்தில் ஒருவன் பெறும் மதிப்பையும் அழிப்பது என்னும் கருத்து இவ்வைப்பு முறையில் விளங்குகிறது. கிள்ளான் தொழிலாளர் கூலியோடு கள்ளுக்கடையைச் சேர்த்துப் பேசியதும் ஏறத்தாழ இந்த நோக்கிலேயே எனலாம்.

கள்ளின் இயல்பு

மலாயாவில் தமிழர் குடித்தது பெரும்பாலும் தென்னங்கள். சிலாங்கூரின் கடற்கரை நிலம் தென்னைக்கு ஏற்றது. விரியாத பாளையை நாரால் இறுகக் கட்டி, நாள்தோறும் மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, அதன் நுனியைக் கூரிய அரிவாளால் மெல்லியதாகச் சீவுவர். சீவிய நுனியில் ஊறும் சாறு கட்டிய கலயத்தில் சொட்டுச் சொட்டாக விழும். காலையும் மாலையும் மரமேறிச் சீவ வேண்டும். ஒரு நாள் தவறினாலும் நுனி காய்ந்து ஊற்று அடைத்துவிடும். நன்கு பேணப்படும் மரம் நாளொன்றுக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை சாறு தரும்.

சொட்டும்போது அது தெளிந்த இனிய நீர். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசியிருந்தால் புளிப்பு ஏறாமல் பதநீராக நிற்கும். அதனைக் காய்ச்சினால் வெல்லம். மலாய் மக்களின் குலா மலாக்கா என்னும் வெல்லம் இவ்வாறே உண்டாகிறது. சுண்ணாம்பு இல்லையெனில் காற்றிலும் கலயத்திலும் உள்ள நொதி உயிர்கள் உடனே தொழிலைத் தொடங்கிவிடும். யாரும் எதையும் சேர்க்க வேண்டுவதில்லை. சில மணி நேரத்தில் சாறு வெண்மையாகி நுரைக்கும். அந்த வெண்மை கோடிக்கணக்கான நொதி உயிர்களால் வருவதே. மாலைக்குள் நூற்றுக்கு நான்கு ஐந்து பங்கு சாராயச் சத்து ஏறும். மறுநாள் புளிக்கும், அதன்பின் காடியாகும். ஆப்பமாவைப் பொங்கச் செய்யத் தாய்மார் ஒரு கிண்ணம் கள்ளைச் சேர்த்ததும் இந்த நொதிக்காகவே.

இதனை மேலைநாட்டுத் திராட்சை மதுவோடு ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். ஜெர்மனியின் ரைன், மோசல் ஆற்றங்கரைகளிலும் பிரான்சின் சாப்ளி ஊர்ப்புறத்திலும் குளிர்ந்த சரிவுகளில் சிறு குடியானவர் திராட்சை பயிரிட்டு வெண்ணிற ஒயின் செய்கின்றனர். இரசாயன உரமும் பூச்சி மருந்தும் இடாமல் பயிர் செய்வோர் இன்று பெருகி வருகின்றனர். அங்கும் பழச்சாற்றை மதுவாக்குவது நொதியே. ஆனால் குளிர்ச்சியினால் அங்கு நொதித்தல் மெல்ல நிகழும். சாராயச் சத்து நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு வரை ஏறும். பழத்தின் புளிப்பும் துணை நிற்கும். புட்டியில் அடைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. ஆகவே அந்தக் குடியானவன் தன் ஊரின் பெயரையும் விளைந்த ஆண்டையும் புட்டியின் மேல் எழுதி உலகின் எந்த மூலைக்கும் அனுப்பலாம். வாங்குபவன் அவன் பெயரைச் சொல்லி வாங்குவான்.

கள்ளுக்கு அந்தப் பேறு இல்லை. அதுவும் சிறு தொழிலாளியின் கைத்திறனால் வருவது. அதற்கும் உரமோ மருந்தோ வேண்டுவதில்லை. ஆயின் அது ஒருநாள் பொருள். வெப்ப நாட்டில் புட்டியில் அடைத்தால் புட்டியே வெடிக்கும். இறக்கிய இடத்துக்கு அருகிலேயே, இறக்கிய அன்றே அதனைக் குடித்தாக வேண்டும். எனவே எவன் மரத்தையும் அதன் அருகிலுள்ள கடையையும் கையில் வைத்திருக்கிறானோ, அவனே குடிப்பவனையும் கையில் வைத்திருப்பான். கிள்ளான் வட்டாரத்தில் நடந்ததும் இதுவே.

கிள்ளானுக்கு வந்த தமிழர்

1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தன. மறு ஆண்டு ஆட்சிப் பொறுப்பேற்ற ரெசிடென்ட் பிராங்க் சுவெட்டன்ஹாம், செங்கல்லும் ஓடும் கொண்டு நகரைக் கட்ட வேண்டும் என்றார். களிமண் தோண்டிச் செங்கற் சூளை வைத்த இடமே பிரிக்பீல்ட்ஸ். 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது. 1890இல் அது கிள்ளான் வரை நீண்டது. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இரயில்வேத் தொழிலாளராகத் தமிழகத்தினின்றும், எழுத்தராகவும் நிலைய அதிகாரியாகவும் யாழ்ப்பாணத்தினின்றும் வந்தோர் பிரிக்பீல்ட்ஸில் குடியேறினர். 1904இல் அங்கு விவேகானந்த ஆசிரமம் தோன்றியது.

இதே காலத்தில் இரப்பர் விலை ஏறியது. கிள்ளான், கோலலங்காட், கோலசிலாங்கூர் மாவட்டங்களின் காடு அழிக்கப்பட்டுத் தோட்டங்கள் எழுந்தன. கங்காணிமார் திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு ஆகிய மாவட்டங்களுக்குச் சென்று ஆள் கட்டினர். வந்தவர்க்குத் தோட்டத்தில் லயத்து அறை, பெரட்டுக்களம், கோயில், கடை என எல்லாம் வேலிக்குள்ளேயே அமைந்தன. விடியற்காலை இருளில் பெரட்டுக்குச் சென்றவர் நண்பகல் வரை பால்மரம் சீவி, பாலைச் சேர்த்துக் கொட்டிய பின் பிற்பகலில் ஓய்ந்திருப்பர். வெளியூர் செல்லச் சாலை தொலைவு. உறவினர் தோட்டத்துக்குள் வந்து காண்பதற்கும் அனுமதி வேண்டும். அந்தப் பிற்பகலுக்குரிய ஒரே பொது இடம் கள்ளுக்கடை.

தோட்டத்துக் கள்ளுக்கடை

கள் இறக்குவதும் விற்பதும் அரசாங்க உரிமத்துக்கு உட்பட்டவை. நகரங்களில் அரசாங்கக் கள்ளுக்கடைகள் இருந்தன. நகராண்மை, இரயில்வே, பொதுப்பணித் தொழிலாளர் அங்குச் சென்றனர். தோட்டங்களில் நிருவாகமே கடை நடத்தியது. ஒருவன் தன் லயத்தின் பின்னுள்ள தென்னையில் தானே ஏறித் தனக்கென இறக்கிக்கொண்டால் அது குற்றம். அதே கள்ளைத் தோட்டத்துக் கடையில் காசு கொடுத்துக் குடித்தால் அது முறை. பகிர்ந்துண்ட பொருள் உரிமப் பொருளாயிற்று.

இம்முறையை ஆதரித்தோர் கூறிய காரணங்களையும் சொல்வது நேர்மையாகும். புதுக்கள்ளில் நொதியால் வரும் உயிர்ச்சத்து உண்டு. அளவோடு குடித்தால் தீங்கு குறைவு. கடையை மூடினால் தொழிலாளர் திருட்டுச் சாராயமான சம்சுவைத் தேடுவர். கண்காணிப்பில் உள்ள கடையே மேல் என்று அவர் வாதிட்டனர். தோட்டக் கடையின் இலாபம் தொழிலாளர் நலத்துக்கே செலவிடப்பட வேண்டும் என்னும் ஏற்பாடும் உண்டாயிற்று. இவற்றுள் சம்சுவைப் பற்றிய அச்சம் பொய்யன்று என்பதைப் பின்வந்த வரலாறு காட்டியது.

எனினும் கணக்கு வேறு விதமாகவும் பார்க்கப்பட்டது. 1920களின் இறுதியில் வரையறுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அடுத்து வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் அதுவும் வெகுவாகக் குறைக்கப்பட்டது. பல்லாயிரவர் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். இந்தக் கூலியில் ஒரு பகுதி, கொடுத்த கையின் கடைக்கே மாலையில் திரும்பிச் சென்றது. அங்ஙனம் திரும்பிய பணத்தினின்று பந்தும் திருவிழாவும் வழங்கப்பட்டால், அது தொழிலாளி தன் காசில் தனக்கே செய்துகொண்டதாகும். கூலி போதாமையை மறைப்பதற்குக் 'குடிகாரத் தமிழன்' என்னும் பழியும் கை கொடுத்தது. வறுமைக்குக் காரணம் கூலியா, குடியா என்று கேட்டவர்க்குக் குடியே என்று விடை கூறுவது எளிதாயிற்று. உழைப்பவன் மானத்தை இப்பழி தொட்டது.

அரசாங்கமும் இக்குறையை அறியாதிருக்கவில்லை. முதல் உலகப் போர் நடந்த ஆண்டுகளிலேயே, சிலாங்கூரின் கடற்கரை மாவட்டங்களில் கள் முறைகேடாகப் பயன்படுவதாக எழுந்த புகாரை விசாரிக்க ஒரு குழு அமைக்கப்பட்டது. ஆயினும் கடைகள் நின்று நிலைத்தன.

எதிர்ப்பு எழுந்த விதம்

கள் எதிர்ப்புக்குத் தமிழகத்தில் ஒரு மரபு உண்டு. 1921இல் ஈரோட்டில் நடந்த கள்ளுக்கடை மறியலில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்னின்றனர். கள்ளுக்குப் பயன்படலாகாது என்று பெரியார் தமக்குரிய ஐந்நூறுக்கு மேற்பட்ட தென்னைகளை வெட்டச் செய்தார். 1929இன் இறுதியில் அவர் மலாயாவுக்கு வந்து பல ஊர்களில் பேசினார். 1937 அக்டோபரில் இராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தது. சேலத்தினின்று கிள்ளானுக்கு வந்திருந்த ஒருவனின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். அவன் பிறந்த ஊரில் கடை மூடப்பட்டுவிட்டது. பிழைக்க வந்த ஊரில் முதலாளியே கடை நடத்துகிறான்.

1924இல் கோலாலம்பூரில் தொடங்கிய 'தமிழ் நேசன்' போன்ற நாளிதழ்கள் இச்செய்திகளைத் தோட்டங்களுக்குக் கொண்டுசென்றன. எழுத்தறிந்த ஒருவர் படிக்க மற்றவர் சூழ்ந்திருந்து கேட்டனர். 1936இல் மலாயா மத்திய இந்தியர் சங்கம் அமைந்தது. 1937இல் நேரு வந்தார். 1938இல் இந்திய அரசாங்கம் தொழிலாளரை அனுப்புவதை நிறுத்தியது. புதிய ஆட்கள் வாராமையால், இருந்த தொழிலாளரின் சொல்லுக்கு வலிமை ஏறியது.

'தமிழ் நேச'னில் பணியாற்றிய ஆர். எச். நாதன், கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வாயிலாகத் தோட்டத் தொழிலாளரை ஒன்றுதிரட்டினார். 1941இன் தொடக்கத்தில் தொடங்கிய வேலைநிறுத்தங்கள் ஏப்ரலில் 60 காசு நாட்கூலியோடு ஒருவாறு தணிந்தன. மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டதும் கிளர்ச்சி மீண்டும் மூண்டது. சிலாங்கூர் முழுவதும் அது பரவியது. இந்தியப் படைவீரர் வரவழைக்கப்பட்டனர். நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். கேட்டவற்றுள் பெரும்பாலானவை கிடைக்கவில்லை, கள்ளுக்கடைகளும் மூடப்படவில்லை.

இங்கு ஒரு வேறுபாட்டைக் காண வேண்டும். பெரியார் மரத்தை வெட்டினார், மரம் அவருடையது. கிள்ளான் தொழிலாளிக்கு வெட்ட மரமும் சொந்தமில்லை. அவனால் கேட்கக்கூடியது கடையை மூடுமாறுதான். அவனுடைய பட்டியலில் கள்ளுக்கடை, மிதிவண்டியை விட்டு இறங்கும் கட்டாயத்தின் பக்கத்தில் நின்றது. இரண்டும் அவனை வயதுவந்த மனிதனாக நடத்தாத ஏற்பாட்டின் அடையாளங்கள். தன் காசை எங்கே செலவிடுவது என்பதைத் தானே தீர்மானிக்கும் நிலையை அவன் கேட்டான்.

போருக்குப் பின்

ஜப்பானியர் ஆட்சி முடிந்தபின் இக்குரல் வடக்கே கெடாவில் இன்னும் உரத்து எழுந்தது. இளைஞர் தொண்டர் படை என்னும் பெயரால் அணிதிரண்டு, தோட்டங்களில் கள்ளுக்கடை மறியல் செய்தனர். 1947இன் தொடக்கத்தில் பீடோங் வட்டாரத்தில் அவர்களுக்கும் காவலருக்கும் மோதல் நேர்ந்து உயிரிழப்பும் உண்டாயிற்று. 1954இல் பி. பி. நாராயணன் முன்னின்று தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தபின், கூலியைப் பேசித் தீர்க்கும் வழி பிறந்தது.

கள்ளுக்கடைகளை இறுதியில் அழித்தது மறியலன்று, தோட்டங்களே மறைந்தன. எபிங்காம் தோட்டம் பெட்டாலிங் ஜெயா நகருக்கு நிலமாயிற்று. 1970களில் சீபீல்ட் தோட்டத்தில் சுபாங் ஜெயா எழுந்தது. இரப்பரின் இடத்தில் செம்பனை வந்தது. பின்னர்ச் செம்பனையின் இடத்தில் வீடுகள் வந்தன. தொழிலாளர் நகரத்துப் புறம்போக்குக் குடிசைகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் இடம்பெயர்ந்தனர். தோட்டத்தோடு தென்னையும், தென்னையோடு மரமேறியும் போயினர். பாளையின் பதம் பார்த்துச் சீவத் தெரிந்த கைகள் அருகிவிட்டன. அத்திறமைக்குப் பெயரும் புட்டியும் இல்லாதிருந்தமையால், அது போனதைக் குறித்துவைத்தாரும் இலர்.

கள் போன இடத்தில் மது போய்விடவில்லை. சம்சு எனப்படும் மலிவுச் சாராயம் நின்றது. கள்ளைவிட அதன் வலிமை பலமடங்கு. புட்டியில் அடைபட்டு எங்கும் செல்லும் பொருள் அது. கள்ளில் சாராயச் சத்து ஓர் எல்லைக்கு மேல் ஏறாது. கெட்டால் புளிப்பே காட்டிக்கொடுக்கும். கள்ளத்தனமாகக் கலந்த சாராயத்துக்கு அந்த எல்லையும் இல்லை, அந்தப் புளிப்பும் இல்லை. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த போலி மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவருள் பலர் நேபாளம், மியன்மார், வங்காளதேசம் முதலிய நாடுகளினின்று கூலிக்கு வந்தவர். ஒரு நூற்றாண்டுக்கு முன் தமிழர் நின்ற இடத்தில், குடும்பத்தை விட்டு வந்து குறைந்த கூலியில் உழைக்கும் வேறு மக்கள் இன்று நிற்கின்றனர்.

இவ்வரலாற்றைக் கொண்டு கள் நல்லது என்றோ, கள்ளுக்கடை இருந்திருக்க வேண்டும் என்றோ முடிவு கட்டலாகாது. லயங்களில் குடியால் அடிபட்ட மனைவியரும் பசித்திருந்த பிள்ளைகளும் கற்பனையல்லர்; கடையை மூடச் சொன்ன குரலில் அவர்களுடைய துயரமும் கலந்திருந்தது. 1941இல் கிள்ளான் தொழிலாளர் அத்துயரத்தைக் கூலி, கல்வி, மருத்துவம், மதிப்பு ஆகியவற்றினின்று பிரித்துப் பேசவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. குடியை மட்டும் ஒழித்தால் வறுமை ஒழியும் என்று பலர் அவர்களுக்கு அறிவுரை கூறிய காலத்தில், இரண்டும் ஒரே வேலிக்குள் வளர்ந்தவை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

பிரிக்பீல்ட்ஸில் 2010 முதல் 'லிட்டில் இந்தியா' என்னும் பெயர் விளங்குகிறது. கிள்ளானில் தெங்கு கெலானா சாலையில் பூக்கடைகளும் புடவைக் கடைகளும் நிறைந்திருக்கின்றன. அத்தெருக்களில் செல்லும் மாணவர்க்கு நாதனின் பெயரோ, மாண்ட ஐவரின் செய்தியோ பெரும்பாலும் தெரியாது. தமிழ்ப் பள்ளிகளில் கள்ளுண்ணாமை அதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், அக்கோரிக்கைப் பட்டியலையும் சேர்த்துக் கூறினால், அந்த அதிகாரம் பொருட்பாலில் அமைந்த காரணம் மாணவர்க்குத் தம் ஊர் வரலாற்றைக் கொண்டே விளங்கும்.